பதில் ஆள் வருமட்டும்

அரசாங்கக் கந்தோரில கவுண்டருக்கு ரெண்டு பக்கம் இருக்கு, ரெண்டு பக்கத்திலயும் காத்துக்கொண்டிருக்கிற சனம்தான். கண்ணாடிக்கு வெளியில நிக்கிற உங்களுக்கு இது தெரியிற ஞாயமில்லை. "உள்ளுக்கு ஃபேன் காத்தில சொகுசா இருக்கிறா, நிமிர்ந்து பாக்கிறாவா பார்" எண்டு எத்தினை தரம் என்னைத் திட்டியிருப்பீங்கள்! திட்டினது எனக்கும் கேட்டதுதான். பரவாயில்ல. உங்களை மாதிரி நானும் ஒரு கடுதாசிக்குத்தான் காத்திருந்தனான். என்ன, நீங்கள் நிண்டுகொண்டு காத்திருந்தீங்கள், நான் இருந்துகொண்டு.

எனக்கு ஊர் மட்டக்களப்பில கல்லடி. வேலை கொட்டாஞ்சேனைப் பக்கம் ஒரு கந்தோரில, தமிழ்க் கவுண்டரில. எந்தக் கந்தோர் எண்டு கேக்காதீங்க, நான் இன்னும் பென்சன் எடுக்கல்ல. பிறப்பு, கலியாணம், இறப்பு, குடியிருப்பு எண்டு மனுசருக்கு வாறதெல்லாத்துக்கும் உறுதிப்படுத்திக் கடிதம் குடுக்கிற இடம். தங்கினது வெள்ளவத்தையில, கடல் பக்கம் இறங்கிற ஒழுங்கையில ஒரு அறை. காலையில காலி வீதியில பஸ் ஏறி, புறக்கோட்டையில மாறி, கசங்கின சீலையோட வந்து கையெழுத்துப் போடுவன். வீட்டுக்காரரும் மகள் துஷாவும் கல்லடியில. அவர் பள்ளிக்கூட வாத்தியார். நான் கொழும்புக்கு வரக்குள்ள மகளுக்கு முன்பல் விழுந்து பொக்கைவாய்.

வந்த வருசமே மாற்றம் கேட்டு எழுதினன். நம்புவீங்களோ தெரியா, உடனயே அனுமதி வந்திட்டு! கடிதத்தின்ட அடியில மட்டும் ஒரு வரி: "பதில் ஆள் வந்தவுடன் விடுவிக்கப்படுவார்." என்ட கதிரையில இருக்கிறதுக்கு ஒரு ஆள் வரவேணும். வந்தா நான் வீட்ட போகலாம். மகளுக்குப் பல்லெல்லாம் முளைச்சு, என்ட தோளுக்கு வளர்ந்தும், அந்த ஆள் வரல்ல. இனிச் சொல்லப்போறதெல்லாம் அந்த ஆள் வருமட்டும் நடந்த கதைகள்.

பை நிண்ட வரிசை

எங்கட கந்தோர் திறக்க முந்தியே வாசலில வரிசை நிக்கும். ஆனா மனுசர் நிக்க மாட்டாங்கள், பைதான் நிக்கும். ஜிந்துப்பிட்டியில இருந்து வாற பொம்பிளையள் விடியக்காலமே ஒரு சந்தைப்பையை வைச்சிட்டு, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில விட்டு, மீன் வாங்கிக்கொண்டு திரும்பி வருவாங்க. பை இல்லாத ஆக்கள் குடையை வைப்பாங்க, ஹெல்மெட்டை வைப்பாங்க, ஒருத்தர் ஒத்தைச் செருப்பை வைச்சிட்டு மற்றச் செருப்போட போனதையும் கண்டிருக்கிறன். வரிசை நகர்ந்தா, பின்னால நிக்கிறவர் முன்னால இருக்கிற பையையும் சேர்த்துத் தள்ளி வைப்பார். ஒரு நாளும் ஒரு பையும் இடம் மாறினதில்ல. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு வீட்டு ஞாபகம் வரும். கல்லடியில என்ட இடத்திலயும் நான் ஒரு பையை வைச்சிட்டு வந்த மாதிரித்தான். எனக்குப் பின்னால நிக்கிற மனுசன் அதை ஒவ்வொரு நாளும் தள்ளித் தள்ளி வைச்சுக்கொண்டிருக்கிறார்.

மறுகா சீரமைப்பு வந்திட்டு. தலைமைக் கந்தோரில இருந்து ஒரு டோக்கன் மெசின் வந்திறங்கினது. "தங்கள் இலக்கம் அழைக்கப்படுகிறது" எண்டு அது கதைச்ச தமிழைக் கேட்டு, இருந்த சனம் ஏதோ வழக்குத் தீர்ப்பாக்கும் எண்டு எழும்பி நிண்டது. பை வைக்கிறது தடை எண்டு மூண்டு மொழியில அறிவித்தலும் ஒட்டினாங்க. அடுத்த நாள் காலமே பார்த்தா, டோக்கன் மெசினுக்கு முன்னால பைகள் வரிசையில நிக்குது! எங்கட நிர்வாக உத்தியோகத்தர், ஏ.ஓ. சேர், நல்ல மனுசன்தான். சிங்களவர், வவுனியாவில வேலை செய்த காலத்தில பிடிச்ச தமிழ் கொஞ்சம் கதைப்பார். அவர் வந்து முன்னால இருந்த ஒரு பையைத் தூக்கி, "இது ஆருட?" எண்டார். மாளிகாவத்தையில இருந்து வந்திருந்த ஒரு உம்மா, கதவுப் பக்கம் இருந்து ஆறுதலா எழும்பி வந்தா.

"பைய தூக்கினா எடத்த நீங்கதான் புடிச்சி நிக்கோணும் சேர், நான் இன்னம் டீ குடிச்சி முடியல்ல."

தனிய இருக்கிறதுக்குச் சாட்சி

கொட்டாஞ்சேனை மாடிவீடு ஒண்டில இருக்கிற ஒரு ரீச்சர் வந்தா. யாழ்ப்பாணத்து ஆள், படிப்பிச்சு ஓய்வெடுத்தவ. மகன் கனடாவுக்கு எடுக்கிறாராம். அதுக்குத் தான் தனிய இருக்கிறன் எண்டு உறுதிப்படுத்தின கடிதம் வேணும். நான் படிவத்தைக் குடுத்து, "இதில உங்களை நல்லாத் தெரிஞ்ச ரெண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போடவேணும் ரீச்சர்" எண்டன். அவ கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தா. "ஏன் பிள்ளை, என்னை நல்லாத் தெரிஞ்ச ரெண்டு பேர் இருந்தா, நான் ஏன் தனிய இருக்கிறன் எண்டு கடிதம் கேக்கிறன்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில நிண்டிட்டு. வெள்ளவத்தையில நான் இருக்கிற அறைக்கும் ரெண்டு சாட்சி கேட்டா ஆரைச் சொல்லுவன்? பக்கத்து அறைப் பிள்ளையின்ட பேர்கூட எனக்குச் சரியாத் தெரியா. சட்டப்படி கவுண்டரில இருக்கிற நான் கையெழுத்துப் போட ஏலா. வரிசையில அடுத்து நிண்ட தம்பியைக் கூப்பிட்டு, ஒரு உதவி செய்யுங்க எண்டன். அவன் நேர்மையான பொடியன். "மிஸ், நான் இவங்கள இண்டைக்குத்தானே காணுறன், எப்பிடி சைன் பண்ற?" எண்டு இழுத்தான். ரீச்சர் பேனையை அவன்ட கையில வைச்சா.

"அதுதான் தம்பி சாட்சி, கொழும்பில என்னை ஒருத்தருக்கும் தெரியாது எண்டு துணிஞ்சு போடுங்கோ."

ஆடிவேலில எண்ணின எண்ணிக்கை

டோக்கன் மெசினோட சீரமைப்பு முடியல்ல. எந்தக் கவுண்டர் தேவை, எது தேவையில்ல எண்டு பார்க்க ஒரு குழு வந்தது. ரை கட்டின ஆக்கள், கழுத்தில அட்டை. என்ட கவுண்டருக்குப் பின்னால கதிரை போட்டு இருந்தாங்க, வாற ஆக்களை எண்ணிறதுக்கு. வந்த நாளைக் கேளுங்க. வெள்ளிக்கிழமை. அதுவும் ஆடிவேல் தேர் வெளிக்கிடுற வெள்ளிக்கிழமை! ஜிந்துப்பிட்டி முழுக்கத் தேருக்குப் பின்னால. மாளிகாவத்தை முழுக்க ஜும்மாவுக்குப் பள்ளிவாசலில. அண்டைக்கு என்ட கவுண்டருக்கு வந்தது, வழி தவறி வந்த ஒரு கடலைக்காரர்தான். அவரும் தேர் எந்தப் பக்கம் போகுது எண்டு கேட்டுப்போட்டுப் போயிட்டார்.

நான் விடுவனா? "இண்டைக்கு வேல், திங்கக்கிழமை வந்து பாருங்க" எண்டு தமிழில சொன்னன், சிங்களத்தில சொன்னன், எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசிலயும் சொன்னன். நாளைக் கொம்பியூட்டர்தான் தெரிவு செய்தது, மாத்த ஏலா எண்டாங்க. தூரத்தில மேளச்சத்தம் கேக்குது, இவங்கள் வெறுங்கதிரையைப் பார்த்து எழுதுறாங்க. எனக்கு வந்த கோவத்துக்கு, டோக்கனை நானே கிழிச்சுக் கிழிச்சு எடுத்து வரிசையில நிக்கலாம் போல இருந்தது. திங்கக்கிழமை வாசல் கதவைத் திறக்க ஏலாத சனம், எண்ண ஒருத்தரும் இல்ல. ஆனா அந்த வெள்ளி பின்னேரம் குழுவின்ட பெரியவர் என்னோட கை குலுக்கி இங்கிலீசில சொல்லிப்போட்டுத்தான் போனார்.

"இவ்வளவு அமைதியான கவுண்டரை நாங்கள் வேற எங்கயும் காணல்ல மிஸ், வாழ்த்துகள்."

கதிரை இருக்கு, பதவி இல்லை

அறிக்கை வந்தது. தமிழ்க் கவுண்டருக்கு ஆக்கள் வாறது குறைவு, ஆனபடியா அந்தப் பதவி நீக்கப்படுது. உண்மையைச் சொல்லுறன், எனக்குச் சந்தோசத்தில கால் நிலத்தில படல்ல. பதவி இல்லையெண்டா நான் ஏன் இங்க? உடனயே வீட்ட அவருக்குக் கோல் எடுத்தன். பின்னால மகள் கத்தின கத்து கேட்டது. அண்டு பின்னேரமே புறக்கோட்டையில இறங்கி ஒரு பெரிய சூட்கேஸ் வாங்கினன். மகளுக்கு ஒரு சட்டையும். எப்பவும் நான் ஒரு அளவு சின்னனாத்தான் வாங்கிப்போடுவன். கடைசியாக் கண்ட அளவுதானே எனக்குத் தெரியும். இந்த முறை யோசிச்சு ஒரு அளவு கூட எடுத்தன்.

அடுத்த நாள் விடுவிப்புக் கடிதம் கேட்டு ஏ.ஓ. சேருக்கு முன்னால போய் நிண்டன். அவர் தலையைச் சொறிஞ்சார். "மிஸ், மிஸ்ட பதவி இப்ப இல்ல. இல்லாத பதவிக்கு பதில் ஆள் கேக்க ஏலாது. பதில் ஆள் வராம மிஸ்ஸ விட ஏலாது." நீங்களும் ஒருக்கா யோசிச்சுப் பாருங்க. "அப்ப சேர், நான் இருக்கிற கதிரை?" "கதிரை இருக்கு, இன்வென்டரியில இருக்கு. பதவிதான் இல்ல." எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "பதவி இல்லாட்டி நாளைக்கு நான் வரத் தேவையில்லையே!" எண்டு கத்திப்போட்டன். மனுசன் பயந்துபோய் எழும்பி நிண்டிட்டார். பாவம், அவர் என்ன செய்வார்? சுற்றறிக்கை எழுதினவன் எங்கயோ இருக்கிறான், பேச்சு வாங்கிறது இவர்.

அண்டு மகளுக்குச் சொல்ல வாய் வரல்ல. சொன்னன். "சரிம்மா, சூட்கேஸ பழுதாக்காம வச்சிருங்க" எண்டாள். வெள்ளவத்தைக் கடற்கரை ரெயில் பாதையோரம் போய் இருட்டுப்படுமட்டும் இருந்து அழுதன். எங்கட ஊர்க் கடலில சூரியன் வரும், இந்தக் கடலில அது போகும். எனக்கெண்டா இந்தக் கடல் ஒரு நாளும் பிடிச்சதில்ல. ஆனா எல்லாத்துக்கும் மேல, கத்தினதுக்கு ஏ.ஓ. சேர் சொன்ன மறுமொழியை நினைச்சு அங்கயும் எனக்குச் சிரிப்பு வந்தது.

"ஐயோ மிஸ், பதவி இல்லாட்டியும் வராட்டி லீவு போடோணும்."

'ஏனையவை'

ஒரு நாள் முற்பகல் வீட்டில இருந்து அவர் கோல் எடுத்தார். வழமையா அந்த நேரம் எடுக்க மாட்டார். குரலில ஒரு கூச்சம். "மகள் பெரிசாயிட்டாள்" எண்டார். எங்கட பக்கத்தில தலைக்குத் தண்ணி வாக்கிறது மாமிதான். ஆனா தாய் பக்கத்தில நிக்காம வாக்க மாட்டாங்க. நல்லெண்ணெயும் முட்டையும் உழுத்தங்களியும் தாய்தான் ஊட்டவேணும். லீவு இப்ப கொம்பியூட்டரில. காரணத்தைத் தெரிவு செய்யச் சொல்லுது: சுகவீனம், விபத்து, மரணம், பரீட்சை. வீட்டில ஒரு நல்ல காரியம் எண்டதுக்கு இடமே இல்ல. 'ஏனையவை'யை அமத்தினா, தலைமைக் கந்தோர் அனுமதி வருமட்டும் பொறுத்திருக்கட்டாம்.

அடுத்த கவுண்டரில இருக்கிற நில்மினி என்ட முகத்தைப் பார்த்திட்டாள். சிங்களப் பிள்ளை, எனக்குத் தங்கச்சி மாதிரி. விசயத்தைச் சொன்னன். "லொகு லமயா உனாத அக்கே?" எண்டு எழும்பி என்னைக் கட்டிப்பிடிச்சாள். பெரிய பிள்ளையாகினா அவங்கட வீட்டிலயும் எல்லாம் இதே மாதிரித்தான். என்ட ஹேண்ட்பேக்கைத் தோளில மாட்டி, "யன்ன அக்கே, யன்ன" எண்டு வாசல் மட்டும் தள்ளிக்கொண்டு போய் விட்டாள். கவுண்டரைத் தான் பார்க்கிறாளாம். அவளுக்குத் தெரிஞ்ச தமிழ் மூண்டு வசனம்: "கொஞ்சம் இருங்க", "இங்க சைன் பண்ணுங்க", "அக்கா வீட்ட போன".

நான் போய்ச் சேர முந்தித் தண்ணி வாத்து முடிஞ்சிட்டு. நேரம் பார்த்து வைச்சது, பிந்த ஏலாதாம். ஈரத்தலையோட மகள் இருந்தாள், நான் கூட எடுத்த அந்தச் சட்டையும் சின்னனாகிப் போயிருந்தது. அவள் பெரிசாகின அண்டைக்கு நான் பக்கத்தில இல்ல. அதை எந்தக் கந்தோரும் எனக்குத் திருப்பித் தர ஏலா. திரும்பி வந்து கவுண்டரில இருந்தா, ஏதும் முறைப்பாடு இருக்குமெண்டு பயம். நில்மினி அந்த மூண்டு வசனத்தோடயே சமாளிச்சிருக்கிறாள். ஒருத்தரும் வாய் திறக்கல்ல. ஜிந்துப்பிட்டிப் பொம்பிளை ஒருத்தி, கொண்டுவந்த கடுதாசியைக் கண்ணாடிக்குள்ளால நீட்டாம கையிலயே வைச்சுக்கொண்டு நிண்டா.

"பேப்பர் கெடக்கட்டும் மிஸ், புள்ள எப்டி இருக்கு, சடங்குக்கு புட்டு சுத்துனீங்களா?"

வந்த ஆள்

அதுக்குப் பிறகு இன்னொரு குழு வந்தது. முந்தின குழு செய்தது பிழையாம். அதே கவுண்டருக்கு, அதே கதிரைக்கு, 'மும்மொழிச் சேவை' எண்டு புதுப் பேரில புதுப் பதவி உண்டாக்கினாங்க. பதவி உண்டாகினபடியா ஆளும் வந்தது. ஒரு திங்கக்கிழமை காலமே, களுவாஞ்சிக்குடியில இருந்து, வசந்தி எண்டு ஒரு பிள்ளை. நியமனக் கடிதத்தை நீட்டி, "பதவியேற்க வந்தனான் அக்கா" எண்டாள். நான் கவுண்டரைச் சுத்தி ஓடிப்போய் அவளைக் கட்டிப்பிடிச்சன். அவள் பயந்தே போனாள். ஏ.ஓ. சேர் என்ட விடுவிப்புக் கடிதத்தில அண்டைக்கே கையெழுத்துப் போட்டுத் தந்தார். அதை ஹேண்ட்பேக்கில வைச்சு வைச்சு எடுத்துப் பார்த்தன்.

நில்மினி அடுத்த நாளே கந்தோர் முழுக்கக் குடுக்கக் கிரிபத், எங்கட பாற்சோறு, கொண்டுவந்தாள். நான் வசந்தியைப் பக்கத்தில இருத்தி வேலை பழக்கினன். பை வரிசையைக் காட்டினன், டோக்கன் மெசின் நிண்டா எங்க தட்டவேணும் எண்டு காட்டினன். கெட்டிக்காரி, உடனுக்குடன பிடிச்சாள். கொஞ்ச நேரத்தால, காத்திருக்கிற சனத்துக்குள்ள ஒரு கைக்குழந்தை வீரிட்டு அழுதது. வசந்தி சட்டெண்டு சீலைத்தலைப்பை இழுத்து நெஞ்சை மூடினாள். மூடினாலும் சட்டை நனைஞ்சது தெரிஞ்சிட்டு. பிள்ளை பெத்தவளுக்கு அது விளங்காதா? கையைப் பிடிச்சு ஃபைல் அறைக்குள்ள கூட்டிக்கொண்டு போனன். "என்னகா இது? எத்தினை மாசம்?" "எட்டு மாசம் அக்கா. ஆம்பிளப் புள்ள. அம்மாட்ட விட்டுட்டு வந்திருக்கன்." "பால்குடிப் பிள்ளையை விட்டுட்டு ஏன் மனே வந்த?" "வராட்டி நியமனம் ரத்து எண்டு கடிதத்தில போட்டிருக்கு அக்கா." என்ட துவாயை எடுத்துக் குடுத்தன். அவள் அலுமாரிப் பக்கம் திரும்பி நிண்டு அழுதாள்.

இத்தினை வருசம் நான் மாமாங்கேஸ்வரரைக் கும்பிட்டதெல்லாம், ஒரு ஆளை அனுப்பு, ஒரு ஆளை அனுப்பு எண்டுதான். அந்த ஆளை எந்த வீட்டில இருந்து எடுத்து அனுப்புவார் எண்டு ஒரு நாளும் யோசிக்கல்ல. எண்டாலும் நான் நிக்கல்ல, பொய் சொல்ல மாட்டன். என்ட மகள் வாசலைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாள். வெள்ளவத்தை அறையை வசந்திக்கே எடுத்துக் குடுத்தன், சாவியையும் குடுத்தன். பக்கத்து அறைப் பிள்ளையைத் தட்டிக் கூப்பிட்டு, பேரைக் கேட்டு, ரெண்டு பேரையும் அறிமுகப்படுத்திப்போட்டு சூட்கேஸைத் தூக்கினன். த்ரீவீலர் வந்திட்டு. ஒழுங்கை முடக்கு மட்டும் வசந்தி கூட வந்தாள். ஏதோ கேக்கப்போறாள் எண்டு எனக்குத் தெரியும். கேக்காட்டி நல்லம் எண்டு நினைச்சுக்கொண்டு ஏறி இருந்தன். அவள் த்ரீவீலர்க் கம்பியில கையை வைச்சாள்.

"அக்கா, இங்கயிருந்து மாற்றம் எடுக்க எவ்வளவு காலம் போகும்?"

நான் இப்ப கல்லடியில என்ட மகளுக்கு என்ட கையால சோறு போடுறன், ஆனா அரசாங்கத்தில ஒரு தாய் வீட்டுக்குப் போறதெண்டா இன்னொரு தாய் வீட்டை விட்டு வெளிக்கிடவேணும் எண்டதைத்தான் அந்தக் கடிதத்தின்ட அடியில ஒரே வரியில 'பதில் ஆள்' எண்டு எழுதியிருக்கிறாங்கள்.